மணல் மேட்டுக் கிணறு இனிக்கிறது, பள்ளத்துப் போர் கரிக்கிறது: வேதாரண்யம் பக்கம் ஏன் இப்படி?

மேட்டூர்_மாப்பிள்ளை:

வணக்கம். நான் மேட்டூர்க்காரன், பெண் எடுத்தது வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த ஊர் நிலம் எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

மாமனார் வீடு மணல் மேட்டில் இருக்கிறது. கடல் நடந்து போகிற தூரம்தான், ராத்திரி படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். கொல்லையில் உறை இறக்கிய பழைய கிணறு, பதினைந்து அடி ஆழம்கூட இருக்காது, அந்தத் தண்ணீரில் காபி போட்டால் தனி ருசி. வீட்டுக்கு மேற்கே, அதாவது கடலை விட்டு இன்னும் விலகி, முக்கால் கிலோமீட்டர் தள்ளி அவருக்குக் கொஞ்சம் பள்ளத்து நிலம் உண்டு. போன சித்திரையில் அங்கே நூற்றிருபது அடிக்குப் போர் போட்டார். வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. போர் போட்டவர், இன்னும் அறுபது அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார். எங்கள் ஊரில் பாறையைக் குடைந்து எண்ணூறு அடி போனால்தான் தண்ணீர், அதனால் ஆழமாகப் போனால் நல்லது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். மாமா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, நீங்க இன்ஜினீயர்தானே, நீங்களே சொல்லுங்க" என்கிறார். நான் படித்தது கம்ப்யூட்டர்.

கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர், தள்ளிப் போனால் உப்பு. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பொங்கலுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடியக்கரை போனோம். அகஸ்தியன்பள்ளியில் இரண்டு பக்கமும் உப்புக் குவியல், அப்புறம் திடீரென்று காடு, மான், குதிரை. காட்டுக்கு மேற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை வெறும் வெள்ளைத் தரை, ஒரு புல் பூண்டு இல்லை. அடுத்த நாள் முத்துப்பேட்டை போனால் அங்கே படகு நுழைய முடியாத அளவுக்கு அலையாத்திக் காடு. ஒரே கடல், ஒரே சேறு. ஓரிடத்தில் காடாகவும் இன்னோரிடத்தில் மொட்டையாகவும் இருப்பது எதனால்?

பழைய_கரை:

முதலில் அந்த அறுபது அடியை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சரி, நிறுத்தியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். நான் டெல்டாவில் முப்பது வருஷம் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கவனியுங்கள். முதலில் நெல் வயல், களிமண், வாய்க்கால். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் வந்ததும் நிலம் மாறிவிடும். மா, தென்னை, முந்திரி, சவுக்கு, காலடியில் மணல். சாலை ஏறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஏறியது ஓர் ஆள் உயரமோ இரண்டு ஆள் உயரமோதான். அது பழைய கடற்கரை. சுமார் 6000 வருஷத்துக்கு முன்னால் கடல் இன்றைக்கு இருப்பதைவிட உள்ளே இருந்தது, அலை அங்கே மணலைக் குவித்தது. காவிரி கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் பின்வாங்கி, புதிய கரையில் அடுத்த மணல் மேட்டைக் குவித்தது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக, விசிறி மடிப்பு மாதிரி. மேடுகளில் கிடைக்கிற சிப்பி ஓடுகளைக் கார்பன் முறையில் காலம் கணித்தால், உள்நாட்டுப் பக்கம் இருப்பவை பழையவை, கடலை நோக்கி வர வர இளையவை என்று தெரிகிறது. உங்கள் மாமனார் வீடு இருப்பது கடைசிப் பிள்ளைகளில் ஒன்றின் மேல்.

இரண்டு மேட்டுக்கு நடுவே இருப்பது பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு காலத்தில் கடல் தண்ணீர் நின்றது, பிறகு களி படிந்து மூடிக்கொண்டது. ஊர்ப் பெயர்களையே பாருங்கள், மணல் பகுதியில் 'புலம்' என்று முடிகிற ஊர்கள் நிறைய, தாழ்ந்த வயல் பகுதியில் 'கோட்டகம்' என்று முடிகிறவை நிறைய. நம் முன்னோர் நில வரைபடத்தை ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சண்டைக்கு வராதீர்கள்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். மணலில் பெய்கிற மழை நேரே உள்ளே இறங்கும். அடியில் எங்கும் உப்புத் தண்ணீர்தான், ஆனால் நல்ல தண்ணீர் அதைவிட லேசு, ஆகவே அதன் மேல் மிதக்கும், காய்ச்சிய பாலின் மேல் ஆடை நிற்பது போல. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அரை அடி என்றால் கீழே 20 அடி. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து அந்த அரை அடியை உறிஞ்சிவிட்டால் கீழே இருக்கிற 20 அடியும் போச்சு, உப்பு மேலே ஏறி வந்துவிடும்.

பள்ளத்தில் மேலே களி. மழை உள்ளே இறங்காது, தேங்கி நின்று வெயிலில் போய்விடும். அடியில் இருப்பது பழைய கடலின் மிச்சம். அதில் போர் போட்டால் வேறு என்ன வரும்? உங்கள் சேலம் ஜில்லா கணக்கு இங்கே செல்லாது. அங்கே ஆழம் என்றால் தண்ணீர், இங்கே ஆழம் என்றால் கடல்.

மணல் பகுதியில் புகையிலை போட்டவர்கள் பழைய நாளில் எப்படித் தண்ணீர் இறைத்தார்கள் என்று மாமனாரைக் கேளுங்கள். மணலில் ஆழமில்லாத குட்டைகளை அங்கங்கே வெட்டி, குடத்தால் மொண்டு மொண்டு செடிக்கு ஊற்றினார்கள். மேல் ஆடையை மட்டும் வழித்து எடுக்கிற வேலை அது. முதுகு ஒடியும், ஆனால் உப்பு வராது.

உப்புக்கல்:

வாத்தியார் சொன்னதற்கு மேல் கிணற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. வெள்ளைத் தரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பளம்.

கோடியக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நடுவில் இருப்பது அந்தப் பெரிய சதுப்பு. தெற்கே பாக் நீரிணைக்கும் இதற்கும் இடையில் ஒரு மணல் திட்டு நீளமாக ஓடுகிறது, அங்கங்கே உடைப்பு. அமாவாசை, பௌர்ணமிக்கு ஏத்தம், அதாவது கடல் மட்டம் ஏறுவது, பெரிதாக இருக்கும்போது அந்த உடைப்பு வழியாகக் கடல் உள்ளே வரும், காற்றும் சேர்ந்து தள்ளினால் இன்னும் தூரம் போகும். வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போவதில்லை. தரை கிட்டத்தட்டத் தட்டு மாதிரி, வாட்டமே இல்லை. நின்றுபோன தண்ணீரை வெயில் குடித்துவிடும், உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஏத்தத்தில் இன்னும் கொஞ்சம்.

நாங்கள் பாத்தியில் செய்வதும் இதேதான். கடல் தண்ணீர், உப்பின் செறிவைக் காட்டுகிற மீட்டரில் மூன்று டிகிரி சுமாருக்கு நிற்கும், அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் காய விட்டு இருபத்தைந்து டிகிரி வந்ததும் உப்பு பூக்கத் தொடங்கும். எங்களுக்கு வரப்பு, வாய்க்கால், ஆள், கூலி எல்லாம் வேண்டும். சதுப்பு இதையெல்லாம் செலவில்லாமல் செய்துகொள்கிறது. பங்குனி சித்திரையில் அந்தத் தரையில் நடந்தால் காலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். வெள்ளைக்கு அடியில் பச்சைக் கருப்பாக ஒரு பாசித் தோல் இருக்கும், காய்ந்தால் ஓரம் சுருண்டு எழும்பி நிற்கும். அதனால் ஒன்றுமே இல்லாத தரை என்று சொல்லிவிடாதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் மேடான இடத்தில் உமரிச் செடி சிவப்பாகப் படர்ந்திருக்கும். அதற்கு மேல் அந்த உப்பைத் தாங்கி நிற்க எதுவும் இல்லை. கடலைவிட உப்பான மண் அது, அலையாத்தி விதை விழுந்தாலும் ஊறுகாய்தான் ஆகும்.

ஐப்பசியில் மழை இறங்கியதும் எங்கள் தொழில் படுத்துவிடும். சதுப்பு அப்போதுதான் எழுந்திருக்கும். ஒரே மாதத்தில் அந்த வெள்ளைத் தரை ஏரி மாதிரி ஆகிவிடும், தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் அக்கரை தெரியாது. நீங்கள் பொங்கலுக்குப் பிறகு போனதால் காய ஆரம்பித்த பகுதியைப் பார்த்திருக்கிறீர்கள்.

ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று வந்து உப்பு அள்ளியது இந்தப் பக்கத்துச் சதுப்பில்தான். மாதத்தைக் கவனியுங்கள், உப்பு விளைந்து கிடக்கிற சமயம். மார்கழியில் வந்திருந்தால் சேற்றைத்தான் அள்ளியிருப்பார்.

மேட்டூர்_மாப்பிள்ளை:

இரண்டு பேருக்கும் நன்றி. மாமாவிடம் போனில் படித்துக் காட்டினேன், "குட்டை தண்ணி எறைச்சது யாரு, நான்தான்" என்று சிரிக்கிறார். போரை நிறுத்துவது பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆனால் முத்துப்பேட்டை? அங்கேயும் அதே சதுப்புதானே, அதே வெயில்தானே?

கோரையாறு:

நான் முத்துப்பேட்டை. நீங்கள் ஜாம்புவானோடையில் படகு ஏறியிருப்பீர்கள், அந்த ஆறுதான் என் பெயர்.

உங்கள் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில்: ஆறு. கோடியக்கரைப் பக்கம் சதுப்புக்கு ஆற்றுத் தண்ணீர் குறைவு. இந்தப் பக்கம் பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரியின் கடைமடை ஆறுகள் வரிசையாக வந்து விழுகின்றன. ஆறு நல்ல தண்ணீரையும் வண்டலையும் கொண்டுவரும், கடல் உப்புத் தண்ணீரைக் கொண்டுவரும், இரண்டும் கலக்கிற இடத்தில் அலையாத்தி. அதன் இலையை நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் தடுத்தது போக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. சேற்றில் காற்று இல்லாததால் மூச்சு வேர்கள் பென்சில் நட்டு வைத்தது போல மேலே நிற்கும், செருப்பில்லாமல் இறங்கினால் பாதம் கிழிந்துவிடும். ஆனாலும் உப்பைத் தாங்குகிற மரம் என்றால் உப்பைக் கேட்கிற மரம் என்று அர்த்தம் இல்லை. விதை முளைக்கிற சமயத்தில் அதற்குக் கொஞ்சம் நல்ல தண்ணீர் வேண்டும். விதை உதிர்வது மழைக்காலத்தில், ஆறு ஓடுகிற சமயத்தில். அவரை விதை மாதிரி தடிப்பாக இருக்கும், தோலை உரித்துக்கொண்டு மிதந்து போய்ச் சேறு கிடைத்த இடத்தில் குத்த வைத்து உட்காரும்.

ஆனால் இங்கேயும் மொட்டைத் தரை உண்டு, படகில் போனவர்களுக்குத் தெரியாது, கரையோர மரம் மறைத்துவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் காட்டைக் கூறு போட்டு வரிசையாக வெட்டினார்கள். மரம் போனதும் சேற்றில் நேரடியாக வெயில் அடித்தது. சேறு காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் இறங்கும். தரை நடுவில் ஒரு சாண் அமுங்கித் தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. ஏத்தத்தில் தண்ணீர் உள்ளே ஏறும், வத்தத்தில் இறங்க வழி இல்லை. அப்புறம் உப்புக்கல் சொன்ன கதைதான். அந்த ஒரு சாண் பள்ளத்தில் எத்தனையோ வருஷமாக ஒரு கன்றுகூட நிற்கவில்லை. விதை போடாமல் இல்லை, கடல் வருஷா வருஷம் கொண்டுவந்து போடுகிறது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஆட்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஏத்தம் உள்ளே வந்து உப்பைக் கரைத்துக்கொண்டு வத்தத்தில் வெளியே போகட்டும் என்பது ஏற்பாடு. வாய்க்காலின் அடியில் கன்று வைத்தால் மூழ்கிவிடும், உச்சியில் வைத்தால் காய்ந்துவிடும், சரிவின் நடுவில் வைக்க வேண்டும். மரம் வந்தது. எங்கள் ஊர் மீனவர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏத்தத்தில் மீனை உள்ளே விட்டு, வாயை அடைத்துப் பிடிப்பது இங்கே பழைய தொழில். அந்த வாய்க்கால் ஓரத்தில் மட்டும் மரம் தழைக்கிறது என்று எங்கள் பெரியப்பா காலத்து ஆட்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் மேட்டூர் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அந்தத் தண்ணீர் வயல் வயலாக நனைத்து மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. தை முடிந்தால் ஆறு செத்துவிடும், சித்திரை வைகாசியில் லகூன், அதாவது ஆறுகள் வந்து விழுகிற காயல், அதன் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். லகூன் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்தான், முகத்துவாரமும் தூர்ந்துகொண்டே போகிறது. கடலில் கலக்கிற தண்ணீர் வீண் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இறால், நண்டு, மடவை எல்லாம் எந்தத் தண்ணீரில் குஞ்சு வளர்க்கின்றன என்று நினைக்கிறார்கள்?

இறால் என்றதும் நினைவு வருகிறது. 90-களில் கரையோரம் முழுக்க இறால் பண்ணை வெட்டினார்கள். டெல்டா நிலமற்றவர்களுக்காகப் பாடுபட்ட எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் இந்தப் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்குள் எத்தனையோ பள்ளத்து நிலம் உப்பாகியிருந்தது. உங்கள் மாமனார் நிலத்துக்குப் பக்கத்தில் பழைய இறால் குட்டை ஏதாவது இருக்கிறதா, விசாரியுங்கள்.

2004 சுனாமியில் எங்களைக் காப்பாற்றியது இந்தக் காடுதான். அதையும் எழுதி வையுங்கள்.

பழைய_கரை:

கோரையாறு தம்பி, எல்லாம் சரி, கடைசி வரியில் மட்டும் நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். நாகப்பட்டினத்தை அடித்த அலை கிழக்கிலிருந்து நேராக வந்தது. கோடியக்கரையில் கரை மடங்கி மேற்கே திரும்பிவிடுகிறது, முத்துப்பேட்டை அந்த மடிப்புக்குள் இருக்கிறது, முன்னால் இலங்கை, நடுவில் ஆழமில்லாத பாக் நீரிணை. காடு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் மார்க் கரையின் வடிவத்துக்குத்தான் கொடுப்பேன். காட்டை மட்டும் சொல்லிச் சொல்லி, கிழக்குக் கரையில் அலையாத்தி நட்டால் சுனாமி வராது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மணல் கரையில் அலை அடிக்கிற இடத்தில் அது நிற்காது.

அந்த மடிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதாமல் விட்டுவிட்டேன். கரையோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் தெற்கு நோக்கி, தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி. சென்னைப் பக்க மீனவர்கள் வன்னி, தெண்டி என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கே போகிற மணல் கோடியக்கரை வந்ததும் அலையின் பலம் குறைந்து அங்கே விழுகிறது, மூக்கு வளர்கிறது. மூக்கைத் தாண்டி உள்ளே போனால் அமைதியான தண்ணீர், மென்மையான சேறு மட்டும் படியும். அதனால்தான் கோடியக்கரையில் கிழக்குப் பக்கம் காலில் மணல், தெற்குப் பக்கம் போனால் காலில் சேறு. ஒரு மணி நேரத்தில் இரண்டையும் நடந்து பார்த்துவிடலாம்.

கொசு_உள்ளான்:

பறவைக்காரன் வந்துவிட்டேன். என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது நிஜமான பறவை, எடை 25 கிராம் அளவுதான், ஆர்க்டிக் பக்கத்திலிருந்து பறந்து வந்து இந்தச் சேற்றில் பூச்சி பொறுக்குகிறது. சாலிம் அலி காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் வலை கட்டி, காலில் வளையம் மாட்டிப் பறக்க விட்டிருக்கிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து எவை வருகின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. 1967-ல் சரணாலயம் ஆனது, 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதில் முத்துப்பேட்டைக் காடும் சேர்த்தி.

மேலே எல்லோரும் சாண் கணக்கு பேசியிருக்கிறீர்கள், பறவைக்கும் அதேதான். கொசு உள்ளானுக்கு விரற்கடை ஆழம் போதும், அதற்கு மேல் போனால் இரை எட்டாது. பூநாரைக்கு முழங்கால் தண்ணீர் வரை சரி, தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டும். மழை கழிந்து தண்ணீர் வற்ற வற்ற ஓரம் நகர்ந்துகொண்டே போகும், அந்த ஓரத்தோடு பறவையும் நகரும். ஒரு தை மாத விடியலில் அகஸ்தியன்பள்ளிப் பக்கம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பனி விலகியதும் கோடு நடக்க ஆரம்பித்தது. மனிதன் பாத்திக்குத் தண்ணீர் கட்டினாலோ, சதுப்பில் மண் சாலை போட்டு ஒரு பக்கம் தேக்கி இன்னொரு பக்கம் காய விட்டாலோ அந்த ஓரம் கலைந்துவிடும். உப்புக்கல் அண்ணன் கோபிக்கக் கூடாது.

மானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது வெளிமான் என்றால் அது காட்டு மான் இல்லை, புல்வெளி மான். மணல் மேட்டில் பாலை மரக் காடு, சதுப்பில் உப்பு, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் உயரமான திட்டில் புல். அந்தப் புல்தான் அதற்கு வீடு, எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். அங்கேதான் சீமைக் கருவேலம் புகுந்தது. காயை மட்டக்குதிரையும் மாடும் தின்னும், மானும் தின்னும், சாணத்தோடு விதையைப் போகிற இடமெல்லாம் போடும். எல்லாவற்றையும் ஜேசிபி வைத்துப் பிடுங்கு என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: புரட்டிப் போட்ட மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பதும் அதுதான். பிடுங்கிவிட்டுப் பல வருஷம் கன்று பார்த்துப் பார்த்து எடுக்க ஆள் இருந்தால் மட்டும் பிடுங்குங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது மேட்டுக் காட்டில் பெரிய பெரிய பாலை மரங்கள் சாய்ந்தன, மானும் குதிரையும் செத்தன. முத்துப்பேட்டைக் காடு அப்படியே கருகினாற்போல் பழுப்பாகிவிட்டது. பாலை மெதுவாக வளர்கிற மரம். வைகாசி ஆனியில் மஞ்சளாகப் பழம் வருமே, வேதாரண்யத்தில் படி போட்டு விற்பார்களே, அதைத் தின்று பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள். பிசின் உதட்டில் ஒட்டும், அவ்வளவுதான்.

உப்புக்கல்:

கோபம் எல்லாம் இல்லை. பூநாரை எங்கள் பாத்தி ஓரத்துக்கும்தான் வருகிறது, நாங்கள் விரட்டுவதில்லை. உப்பைத் தூக்கிச் சுமந்து பார்த்தால் கூலி ஆட்களுக்கு எது கஷ்டம் என்று தெரியும், அதைப் பேச வேறு திரி தொடங்கலாம்.

மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை. வாத்தியார் சொன்னதை நம்பாவிட்டால் கிணற்றிலேயே பார்த்துவிடலாம். ஒரு சின்னப் பாட்டிலுக்குக் கல் கட்டி, வாயில் தக்கையைத் தளர்வாகச் செருகி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அடி வரை இறக்கிவிட்டுத் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அடித் தண்ணீர் மட்டும் நிரம்பும். மேல் தண்ணீரையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நக்கிப் பாருங்கள். மோட்டார் ஓடாத நாளில், விடியற்காலையில் செய்யுங்கள்.

மேட்டூர்_மாப்பிள்ளை:

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊருக்குப் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

பாட்டில் சோதனை செய்தோம். இருமல் மருந்து பாட்டில், தக்கைக்குப் பதில் துணிச் சுருள். முதல் இரண்டு தடவை பாதி வழியிலேயே திறந்துகொண்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. மேல் தண்ணீர் வழக்கம்போல இனிப்பு. அடித் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் நாக்கின் ஓரத்தில் லேசாகக் கரித்தது. மாமா இரண்டு தடவை சுவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். போன வருஷம்தான் இதே கிணற்றில் இரண்டு குதிரைத் திறன் மோட்டார் வைத்தார், தென்னைக்குத் தண்ணீர் போதவில்லை என்று. வீட்டுக்குக் குழாயில் கொள்ளிடம் தண்ணீர் வருகிறது, அதனால் கிணற்றின் அடித் தண்ணீரை யாரும் குடித்துப் பார்க்கவில்லை, காபிக்கு மட்டும் மேலாக மொண்டுகொள்வார்கள்.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாளிய அடி முட்ட வுடக் கூடாதுன்னு எங்கம்மா அப்பவே சொல்லும்" என்றார். இதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று மாமா கேட்டதற்கு, "நீங்க எங்க கேட்டீங்க" என்று பதில்.

பெரிய மோட்டாரைக் கழற்றியாயிற்று. அரைக் குதிரைத் திறன் போட்டு காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஓட்டுகிறார். பள்ளத்து நிலத்துக்குப் பக்கத்தில் விசாரித்தேன், கோரையாறு சொன்னது போல இரண்டு வயல் தள்ளி ஒரு பழைய இறால் குட்டை இருக்கிறது, இப்போது அதில் கோரை மண்டிக் கிடக்கிறது. போர்க்காரர் இன்னும் வாரம் ஒரு தடவை போன் செய்து அறுபது அடியைப் பற்றிப் பேசுகிறார். போரை மூடவும் மாமாவுக்கு மனசு வரவில்லை. குழாய் இரண்டடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஓணான் உள்ளே விழுந்துவிடும் என்று மேலே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.